பழைய நகரத்தைக் கைவிட்ட கல்விச் சுற்றுலா: பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவினருக்கும் மேலாளர் வாரியத்தினருக்கும்,

ஆறாம் ஆண்டு மாணவர்களின் ஆண்டிறுதிக் கல்விச் சுற்றுலா இந்த முறை பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் பழைய நகரத்துக்குச் செல்லாது என்றும், பேருந்து இரண்டாவது பாலத்தின் வழியாகத் தீவுக்குள் நுழைந்து, நகரத்தைத் தொடாமலேயே நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றிலும் அதன் பிறகு பேரங்காடி ஒன்றிலும் நின்று இரவுக்குள் திரும்பிவிடும் என்றும், இதற்குத் தலைக்கு 110 வெள்ளி (ரிங்கிட்) செலுத்த வேண்டும் என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை சென்ற வாரம் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் சொல்லிப் பார்த்த பிறகே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். செயலாளரிடம் கடிதம் கொடுத்தேன்; பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்; “முடிவு பண்ணியாச்சும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிச் சீருடையில் இருப்பார்கள்.

இந்தப் பள்ளி தோட்டத்துக்குள் இருந்த காலத்தில் அதில் படித்தவள் நான். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளி பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு என் மகன் அதே பெயர்ப்பலகையின் கீழ் இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். இந்த ஆண்டுப் பயணத்தில் என் வீட்டுப் பிள்ளை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு நான் செய்வது ஜார்ஜ்டவுனில் சுற்றுலா வழிகாட்டி வேலை. உரிமம் பெற்ற வழிகாட்டி என்ற முறையில், முந்தைய ஆண்டுகளில் பள்ளி ஏற்பாடு செய்த பயணங்களில் ஊதியம் வாங்காமல் பிள்ளைகளுடன் நடந்திருக்கிறேன். எந்த இடத்தில் அவர்கள் கொட்டாவி விட்டார்கள், எந்த இடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் சொல்வதாக இதைக் கொள்ளுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் மூன்று காரணங்களை வைத்தீர்கள். பிள்ளைகள் தீவுக்கு அடிக்கடி போய்வருவதால் புதிதாகக் காட்ட ஒன்றுமில்லை என்றீர்கள். பழைய கட்டடங்களை அவர்கள் விரும்புவதில்லை என்றீர்கள். வெயிலிலும் வாகன நெரிசலிலும் அவர்களை நடத்திச் செல்வது ஆபத்து என்றீர்கள்.

அடிக்கடி போகிறார்கள் என்பது உண்மைதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறார்கள். அங்குள்ள 513 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறியதாகப் பெருமை பேசாத பிள்ளை நம் பள்ளியில் குறைவு. தீபாவளிக்குப் பழைய நகரத்தின் லெபோ பாசார் தெருவில் துணி எடுக்கப் போகிறார்கள். ஆனால் அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் வரும் கோட்டையை எட்டிக்கூடப் பார்க்காமல் பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விடுப்பில், கைக்குழந்தையோடு வரும் தாய்க்குத் துணி எடுப்பதே பெரிய காரியம். தவிர, அந்தத் தாய்க்கும் இந்தத் தெருக்களைப் பற்றி யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. என் மகனின் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தேன். தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தைப் பார்க்காதவர் அரிது. ஆனால் அந்த ரதம் பழைய நகரத்தின் பினாங்குத் தெருவில், நகரத்தாரின் வணிகக் கூடங்களான கிட்டங்கிகளுக்கு நடுவே உள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது என்பதும், வழியெங்கும் சீனக் குடும்பங்கள்கூட மலையாகக் குவித்து வைத்த தேங்காய்களை அதன் முன் உடைக்கிறார்கள் என்பதும் அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. போய்வந்ததும் பார்த்ததும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை. பள்ளி செய்ய வேண்டியது வீட்டாரால் செய்ய முடியாததைத்தான். பேரங்காடிக்கு அழைத்துப் போக வீட்டாரே போதும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழியையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் தொடங்கும் பத்து கவான், இன்று தொழிற்சாலைகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த இடமாக இருந்தாலும், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாக இருந்த நிலம். அதைப் போலவே நம் வட்டாரத்தில் கலிடோனியா, பைரம், விக்டோரியா என்று வரிசையாகத் தோட்டங்கள் எழுந்தன. கரும்பை வெட்டவும் சர்க்கரை காய்ச்சவும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் இரப்பர் வந்தது, இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் மட்டும் இருந்துவிட்டார்கள். பாலத்தின் நடுவே போகும்போது வலப்பக்கம் தெரியும் பச்சைத் தீவு ஜெரெஜா. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்திருந்த முகாம் அந்தத் தீவில்தான் இருந்தது. பிற்காலத்தில் அங்கே சிறைச்சாலை இருந்ததைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள். முகாமைப் பற்றிப் பேசுபவர் குறைவு. உங்கள் பேருந்து அந்தத் தீவைத் தாண்டும் சில நிமிடங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டிருக்கும், முன்னால் தொங்கும் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் கேட்பது வேறு வழி. நிபோங் திபால் நிலையத்தில் கொமுட்டர் என்ற பயணிகள் தொடருந்தில் காலையில் ஏறினால், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, அப்படியே நடந்து பெர்ரித் துறைக்குப் போய்விடலாம். நம் பிள்ளைகளில் பலர் தொடருந்தில் ஏறியதே இல்லை. பெர்ரியில் ஏறியவர்கள் அதைவிடக் குறைவு, ஏனென்றால் பாலங்கள் வந்த பிறகு நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது தேவைப்படவில்லை. பழைய இரண்டடுக்குப் பெர்ரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன என்றாலும், இப்போது ஓடும் புதிய படகுகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரிவது அதே காட்சிதான். முதலில் கொம்தார் கோபுரம், 65 மாடியாகக் கட்டப்பட்டது, நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் தப்ப முடியாதது. பிறகு கரையோரத்துப் பழைய சரக்குக் கிடங்குகள், மணிக்கூண்டு, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குலத்தவரின் மரவீடுகள். பழையதும் புதியதுமாக ஒரு துறைமுக நகரம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும் அந்தக் கால் மணி நேரத்தை எந்தப் பாடநூலாலும் தர இயலாது. நான் சொல்வதைவிடப் பிள்ளைகள் கைநீட்டிக் கேட்பதே அங்கே அதிகமாக இருக்கும். ஒருமுறை ஒரு மாணவி, “எங்க தாத்தாவோட அப்பா இந்த எடத்துலதான் எறங்கினாரா?” என்று கேட்டாள். இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கியிருப்பார், எந்தப் படியில் என்று எனக்குத் தெரியாது என்றேன். பெர்ரி கரை சேரும்வரை அவள் ஒவ்வொரு படித்துறையையும் காட்டி, இதுவா, அதுவா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பழைய இடங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று கூட்டத்தில் சொல்லப்பட்டபோது அந்த மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் உங்களில் ஒருவர் அதை “நாலு சுவரும் ஒரு பீரங்கியும்” என்று கூட்டத்தில் ஒதுக்கினார். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனையில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. காட்டை வெட்ட ஆட்களைத் தூண்டுவதற்காக அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துப் புதருக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்தி வைக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை. கதையை முடித்துவிட்டு, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வந்து, உழைத்துச் சில காசு சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்று அதே லைட் 1794-இல் எழுதியதைச் சொல்வேன். அதாவது தோட்டங்கள் வருவதற்கு முன்பே நம் மக்கள் இந்தத் தெருக்களில் கடை வைத்திருந்தார்கள், மூட்டை தூக்கினார்கள். முதலில் மரத்தூண்களால் அமைந்த வேலி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லும் கருங்கல்லுமாகக் கட்டப்பட்டபோது அதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்.

இதைச் சொன்ன உடனே ஒவ்வொரு முறையும் ஒரு கை உயரும். “அவங்க என்ன தப்புப் பண்ணாங்க?” என்று கேட்கும். திருடியவர்களும் இருந்தார்கள், கொலை செய்தவர்களும் இருந்தார்கள், வெள்ளைக்காரனை எதிர்த்தவர்களும் இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று பதில் சொல்வேன். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 70-க்கும் மேற்பட்ட பாளையக்காரர் தரப்பினர் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். துரைசாமிக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. தங்களைவிட இரண்டு மூன்று வயதே பெரியவன் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், “திரும்பிப் போனானா?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும். நான்காம் ஆண்டு முதல் வரலாறு அவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. ஆனால் மனப்பாடம் செய்த ஆண்டுகளுக்கு நடுவே தங்கள் வயதில் ஒருவன் நின்றிருக்கிறான் என்பது அந்தச் சுவர்களின் நிழலில் நின்று கேட்டால்தான் உறைக்கிறது.

அந்த ஒரு பீரங்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஸ்ரீ ரம்பாய் என்ற பெயருடைய அது 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது, ஜோகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று பல கைகள் மாறி இங்கு வந்து சேர்ந்தது. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதற்குப் பூ வைத்த காலமும் உண்டு.

மணிக்கூண்டு அருகிலேயே இருக்கிறது. விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் சற்றே சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு மிட்டாய் என்பது என் வழக்கம், இந்த விளையாட்டுக்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை.

கோட்டையிலிருந்து மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை வழியாக நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வழிபாட்டிடங்கள் வருகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம்; அதிலும் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. ஊதுவத்திப் புகை சாலைவரை வரும் குவான் யின் கோயில். 1833-இல் எழுந்த, குவீன் தெருவை நோக்கிக் கோபுரம் நிற்கும் மகாமாரியம்மன் கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் மைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதற்கு அருகே, சூலியாத் தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா. அந்தச் சிறு கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் கடந்து போய்விடுவார்கள், நம் பிள்ளைகளை நான் அங்கே கட்டாயம் நிறுத்துவேன். கடலில் போகிறவர்கள் கரை சேர நேர்ந்துகொள்ளும் நாகூர் ஆண்டவருக்கு, நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் வந்து சேர்ந்த ஊரில் ஒரு நினைவிடம் இருப்பதில் வியப்பில்லை. மாரியம்மனைக் கும்பிட்டவர்களும் கப்பலேறும் முன் நாகூருக்கு நேர்ந்துகொண்டார்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்கு சமயத்தவர் ஒரே தெருவில் இரண்டு நூற்றாண்டுகளாக வாழ்ந்ததைக் கண்ணால் காட்ட ஒரு தெரு இருக்கும்போது, ஒற்றுமையைப் பற்றி ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி மட்டும் நடத்துகிறோம்.

எல்லா இடமும் பிள்ளைகளைக் கவரும் என்று நான் சொல்ல வரவில்லை. சீனக் குலமன்றத்து மரச் செதுக்கல்களை அவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஐஸ் கச்சாங் எப்போது என்று கேட்பார்கள். ஆர்மீனியத் தெருவில் 2012-இல் வரையப்பட்ட, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் சுவரோவியத்தின் முன் படம் எடுக்க வரிசையில் நிற்பதுதான் அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைய பெரிய மகிழ்ச்சி. அதில் தவறு இல்லை. கொம்தார் கோபுரமும் அப்படித்தான்: 1980-களில் கட்டி முடிக்கப்பட்டபோது அது நாட்டிலேயே மிக உயரமான கட்டடம் என்று சொன்னால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். உச்சிக்கு ஏறச் செலவாகும், அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம். அதை எழுப்பப் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வேன். லயங்கள் இடிபட்டதைப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து இந்த நகரத்தை உலக மரபுடைமை இடமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதன் பிறகு என் தொழில் வளர்ந்தது என்பதை நான் மறைக்கவில்லை. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறவர்களுக்கு இந்தத் தெருக்களை விளக்கி அவர்களிடம் காசு வாங்குகிறேன். கைதிகள், கூலிகள், கப்பல்கள் என்று சொல்லும்போது அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்துகொண்டு, அதே நாளில் அதே தீவின் வேறொரு மூலையில் செயற்கை அலையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபத்தை அடக்கித்தான் எழுதுகிறேன்.

நீர் விளையாட்டுக்கு நான் எதிரியில்லை. என் மகனையும் அழைத்துப் போயிருக்கிறேன், அவன் அங்கிருந்து வர மறுத்தான். ஆனால் அதற்குப் பள்ளியின் பெயரும், ஆசிரியர்களின் ஒரு நாளும், கல்வித் துறையின் அனுமதிக் கடிதமும் தேவையில்லை.

வெயில், நெரிசல் என்ற காரணத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். காலை எட்டரைக்குள் கோட்டையில் இருந்தால் நண்பகலுக்குள் நடையை முடித்துவிடலாம். பழைய கடைவீடுகளின் முன் ஓடும் ஐந்தடித் தாழ்வாரங்கள் வெயிலுக்கும் மழைக்கும் என்றே கட்டப்பட்டவை. தூரம் போக வேண்டிய இடங்களுக்கு நகரத்துக்குள் கட்டணமில்லாப் பேருந்து ஓடுகிறது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொண்டு முன்பு நடந்தபோது ஒரு சிராய்ப்புக்குக்கூட மருந்து போட நேரவில்லை. தண்ணீரில் நனைந்த தரையில் ஓடும் பிள்ளைகளைக் காப்பதும் எளிதான வேலையல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள்.

இனி கட்டணம். இந்த மடலை எழுத என்னை உண்மையில் தூண்டியது இதுதான். 110 வெள்ளி என்பது நம்மில் சிலருக்கு ஒரு வார இறுதிச் செலவு; செம்பனைக் குலை சுமக்கும் தந்தைக்கும், தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியற்காலையில் நிற்கும் தாய்க்கும் அப்படியில்லை. ஒரே வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் இருக்கிறார்கள், அவர்களின் தாய் என்னிடம், “ஒருத்தனை மட்டும் அனுப்பினா இன்னொருத்தன் மொகத்தை எப்படிப் பார்க்கிறது? ரெண்டு பேருமே வேணாம்னுட்டேன்” என்றார். பெயர் கொடுக்காதவர்களின் பட்டியலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் அன்று காலை வகுப்பறையில் உட்கார்ந்து, மற்றவர்களின் பேருந்து புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? நான் சொல்லும் வழியில் கோயில்களுக்கும் பள்ளிவாசலுக்கும் தெருக்களுக்கும் படித்துறைகளுக்கும் கட்டணமே இல்லை. கோட்டைக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வேண்டும். தொடருந்து, பெர்ரி, கோட்டை, லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சோறு, ஆளுக்கு ஒரு செண்டோல் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உங்கள் கட்டணத்தில் பாதிகூட ஆகவில்லை. கணக்குத் தாளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் பிழை இருந்தால் பெற்றோர் முன்னிலையில் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பள்ளி நிதிக்காக நடந்த விருந்தில் திரட்டிய பணம் மாணவர் நலனுக்கு என்றுதான் நம்மிடம் சொல்லப்பட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவரும் ஒரு நாள் ஒன்றாகப் போய்வருவதைவிட வேறு எந்த மாணவர் நலனுக்காக அது காத்திருக்கிறது?

ஆகவே செயற்குழுவையும் வாரியத்தையும் நான் கேட்டுக்கொள்வது இவை. கட்டணம் செலுத்துவதற்கான கடைசி நாளுக்கு முன்பே பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, இரண்டு பயணத் திட்டங்களையும் செலவுக் கணக்கோடு முன்வைத்து, ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் கருத்தைக் கேட்டு முடிவெடுங்கள். இதுவரை சென்று வந்த பயணத்தைக் கைவிட யார், எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள் என்பதையும், பூங்காவுக்கும் பேருந்துக்கும் முன்பணம் கொடுக்கப்பட்டிருந்தால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெற இயலாது என்றால், பேருந்து முதலில் பழைய நகரத்துக்குப் போகட்டும். காலை முழுவதும் கோட்டைக்கும் வழிபாட்டிடங்கள் உள்ள அந்தத் தெருவுக்கும் போதும், பிற்பகலில் பூங்காவுக்குப் போகலாம், பேரங்காடியை மட்டும் விட்டுவிடலாம். அந்த நிலையிலும் இரண்டாவது பாலத்தில் போவதானால், ஜெரெஜாவைத் தாண்டும்போது பாட்டை நிறுத்திவிட்டுத் திரைச்சீலைகளைத் திறந்து, ஓர் ஆசிரியர் எழுந்து நின்று பேச வேண்டும். அதற்கு என்ன பேசுவது என்பதை நான் எழுதித் தருகிறேன்.

எந்தத் திட்டம் முடிவானாலும், பணம் இல்லை என்பதற்காக ஒரு மாணவரும் பின்தங்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி, குறைவதை விருந்து நிதியிலிருந்து ஈடுசெய்யுங்கள். யாருக்கு உதவி கிடைத்தது என்பது பொறுப்பாசிரியரைத் தவிர வேறு எவருக்கும் தெரியவேண்டியதில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினால், பிள்ளைகள் கேள்விகளோடு புறப்படுவார்கள். வழிகாட்டி வேலைக்கு எனக்கு ஊதியம் வேண்டாம். என் தொடருந்துச் சீட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன். என்னோடு வேலை செய்யும் இரண்டு தமிழ் வழிகாட்டிகளும் அதே முறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பணம் கட்டக் கடைசி நாள் இம்மாதம் 28 என்று சுற்றறிக்கை சொல்கிறது. 20ஆம் தேதிக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பெற்றோர் அனைவரும் காணும்படி அதைப் புலனக் குழுவிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இப்பள்ளியின் முன்னாள் மாணவி,
ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய்,
தென் செபராங் பிறை